நாலடி இரண்டு அங்குலம்

டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திக்கொள்ளச் சொன்னார்
சர்வேயர் எட்வின்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
உப்பனாறு சுவரில் விட்டுப்போன பழுப்புக் கோடு வரை
நாலடி இரண்டு அங்குலம்.
எழுதிக்கொண்டார்.

சுவர் கலியமூர்த்தி சாருடையது.
தளம், நிலைக்கதவு, மோட்டார்,
மீட்டர் பெட்டிக்குப் பின்னால் பெயர்ந்த காரை எல்லாம்
அவர் பாலிசிக்குள் வருகிறது.
குறை சொல்ல மாட்டேன்,
மூன்று ராத்திரி எங்களை மாடியில் படுக்கவைத்தவர்.

“உங்க சாமான்களுக்கு?”

சாமான் என்றால்
மல்லாந்து மிதந்த பிரிட்ஜ்,
மூட்டையைக் கிழித்துக்கொண்டு வீங்கிய அரிசி,
தர்ஷிகாவின் ஒன்பதாம் வகுப்பு முழுவதும்,
இன்னும் ஏழு தவணை பாக்கியிருக்கும் வாஷிங் மெஷின்.

“அது தனி பாலிசிம்மா.
வாடகைக்கு இருக்கறவங்களும் எடுக்கலாம்.”

எடுக்கலாம்.
சீர்காழியில் தண்ணீர் வடிந்த பிறகுதான்
இந்தச் சொல் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது.

நான் வேலை செய்வது ஜெராக்ஸ் கடையில்.
சாருடைய பாலிசியைச் சித்திரையில் நகலெடுத்தது நான்தான்,
முன்னும் பின்னும், பதினாறு பக்கம்.
படிக்கவில்லை.
படித்துக்கொண்டு நின்றால் வரிசை நகராது.

படிவத்தில் ஒரு கட்டம்: இழப்புக்குக் காரணம்.
வாய்க்கால் உடைப்பு என்றார் எதிர்வீட்டு ஜபருல்லா.
மழைதான், வேறென்ன என்றார் சார்.
ஆனியில் இதே தண்ணீரை
மேட்டூரில் திறந்துவிட்டார்களா என்று
தினமும் செய்தி பார்த்துக் கிடந்தோமே,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
எட்வின் ‘வெள்ளம்’ என்று எழுதி
அடுத்த பக்கம் புரட்டினார்.

ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று
வண்டியை எடுக்கும்போது கேட்டேன்.
சொன்னார்.
புரட்டாசி பிறக்குமுன் ஒரு மாதம்
மீனுக்குச் செலவழித்ததைவிடக் கம்மி.

நிவாரணத்துக்காவது பில் இருக்கட்டும் என்று
பிரிட்ஜ் வாங்கிய கடைக்குப் போனேன்.
பில் புத்தகங்களை வாசலில் காயவைத்திருந்தார்கள்.
என் பெயர் நீலமாகக் கரைந்து
யாரோ ஒரு செந்தாமரையின் கிரைண்டரில் கலந்திருந்தது.

புதுப் படிவத்தைத் தர்ஷிகா உரக்க வாசிக்கிறாள்.
‘விலக்குகள்’ வந்ததும் வேகமாகப் போகிறாள்.
மெதுவா, அங்கேதான் மெதுவா என்கிறேன்.

நாளை வெள்ளையடிக்க ஆள் வருகிறது.
அதற்குள்
மிஞ்சிய குக்கரை, ஃபேனை, இரண்டு நாற்காலியை
ஒவ்வொன்றாகத் துடைத்து நிறுத்திப்
போனில் படமெடுக்கிறோம்.
எப்படித் தள்ளி நின்று எடுத்தாலும்
பின்னால் அந்தக் கோடு விழுகிறது.