நான்கு புள்ளி ஒன்று வோல்ட்

மூன்று நாளாக
ஒரே இடத்தில் நிற்கிறது புள்ளி.
காஃப்ரினுக்குத் தெற்கே,
வரைபடம் சாலை எதுவும் போடாமல் விட்ட வெளுப்பில்.

செத்திருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும்.
இறங்கவில்லை.
தினமும் நண்பகலில் நான்கு புள்ளி ஒன்று வோல்ட்,
வயிறு முட்ட வெயில் குடித்த கணக்கு.
உயிரோடிருந்தால் நகர்ந்திருக்கும்.
நகரவில்லை.

போய்ப் பார், வகான், என்று
குரோனிங்கனிலிருந்து நீக்கே எழுதியிருந்தாள்.
அங்கே பனி கொட்டுகிறதாம்.
ஜூலையில், அறுவடை இயந்திரத்துக்கு முன்னால் ஓடிப்போய்
கோதுமைக்குள் கூட்டைச் சுற்றி வேலி கட்டியவள்.
குஞ்சின் முதுகில் ஒன்பது கிராமை ஏற்றியவளும் அவள்தான்.
பெயர் வைக்கவில்லை.
முதல் குளிர்காலம் தாண்டித் திரும்பினால்தான் பெயர்.
அதுவரை பத்தொன்பது.

யெரோ மோட்டார் சைக்கிள் ஓட்டினான்.
கடலை பிடுங்கிய வயல்கள், பல்லில் தூசு,
சக்கரத்துக்கு முன்னால்
பொரிச்சட்டி போலத் தெறிக்கும் வெட்டுக்கிளிகள்.
இதைத் தின்னத்தான்
ஒரு கண்டத்தைக் கடந்து வருகிறது பூனைப்பருந்து.

நாற்பது மீட்டர்.
இருபது.
ஐந்து.
அப்புறம் ஒரு வீடு.

யெரோ இறங்கி நலம் விசாரித்தான்.
ஃபுலா மொழியில் அது சீக்கிரம் முடியாது:
மாடு நலமா, கிணறு நலமா,
போன வருஷத்து இருமல் நலமா.
நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பந்தட்டைக் கூரை. மேலே ஒரு தகரத்தட்டு.
தட்டில் அது,
கண்ணாடி முகம் வானம் பார்க்க,
வாரோடு, துடைத்து வைத்தாற்போல.

"வெயில் தின்கிற சாமான் என்று தெரிந்தது,"
என்றாள் தாக்கோ.
"என் மகன் விளக்கும் இப்படித்தான்.
பட்டினி போட்டால்
உடையவன் தேடி வருவானா?
இருட்டினதும் உள்ளே எடுத்து வைப்பேன்."

பறவை?
"பறவையைப் பார்க்கவில்லை. வயலில் இது கிடந்தது."
இறகு, எலும்பு, ரத்தம்?
நீதிமன்றத்தில் நிற்கிறவள் போல யோசித்தாள்.
"ஆடு மேய்கிற இடம்," என்றாள்.

வாரின் தையல் ஒரு பக்கம் விட்டிருந்தது.
இற்றதா, அலகால் பிய்த்ததா, நரி இழுத்ததா?
நூல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
நூல் நுனி.

கூலியாக
ஆயிரம் ஃபிராங்குக்கு ரீசார்ஜ் கேட்டாள்.
இரண்டாயிரம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தியில் தரிசுக்குப் போனோம்.
புல்லுக்கு மேல் ஒரு முழ உயரத்தில்
வந்துகொண்டே இருந்தன,
தரையில் படுத்துத் தூங்க.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்,
யெரோ முந்நூறு என்றான்.
இளசுகளுக்கெல்லாம் செங்கல் நிற வயிறு.
எதன் முதுகிலும் எதுவும் இல்லை.
ஒன்று இறங்கி நின்று
தோள்களுக்கு நடுவே வெகுநேரம் கோதியது.
எல்லாம் கோதும்.

படிவத்தில் மூன்று கட்டம் உண்டு:
இறப்பு, கருவி கழன்றது, தெரியாது.
பேனாவை மூடிவிட்டுக் கிளம்பினேன்.
பையில் கிடந்ததை அணைக்க மறந்திருந்தேன்.

காஃப்ரின் விளக்குகள் தெரிந்தபோது
போனுக்கு உயிர் வந்தது.
ஒன்றன்பின் ஒன்றாக நீக்கேயின் செய்திகள்:
நகர்கிறது.
வகான், நகர்கிறது.
வடக்கே, மணிக்கு நாற்பது கிலோமீட்டர்!

இருட்டினால் அது பறக்காது என்று
என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

யெரோவின் தோளைத் தட்டி
வண்டியை நிறுத்தச் சொன்னேன்.