கேல்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு
கருங்கலில் எங்கள் சந்து முழுக்க மிக்சி ஓடும்.
பூசை முடிந்து வந்தவர்கள்
சேலை மாற்றும் முன்பே
தேங்காயை ஜாரில் போட்டுவிடுவார்கள்.
எந்த வீட்டில் என்ன கறி என்று
சத்தத்தை வைத்தே சொல்லலாம்.
தீயலுக்கு நீளம்.
அவியலுக்கு இரண்டே இழுப்பு.

அன்று என் வீட்டில் மட்டும் சத்தமில்லை.

குளச்சலில் மீன் ஏற்றிய தெர்மோகோல் பெட்டி,
அடியில் ஆணியால் ஆறு ஓட்டை,
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல்.
விதை போட்டு ஐம்பத்தெட்டு நாள்.
குளிருக்குப் பிறந்த கீரை
இங்கே வெயிலோடு சண்டை போட்டுத்தான் வளர்ந்தது.
முதல் வாரம் மண்ணில் சாளை மணம்.
காக்கை வந்து கிளறிப் பார்த்து
என்னைத் திட்டிவிட்டுப் போனது.

பதினொரு இலை. எண்ணித்தான் பறித்தேன்.
ஓரமெல்லாம் சுருக்கம்,
பஸ் வந்துவிட்ட அவசரத்தில் கொசுவம் வைத்ததுபோல.
நடு நரம்பை உருவினேன்.
உப்பு, எலுமிச்சை, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய்.
பிறகு பிசைய வேண்டும்.
புட்டுமாவு நனைக்கிற கை இதற்குப் போதாது.
துணி கசக்குகிற கை அதிகம்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு கையைத் தேடிக்கொண்டிருந்தேன்;
அதற்குள் முறைத்துக்கொண்டு நின்ற இலை
தானாகவே வழிக்கு வந்தது.
பச்சை கறுத்தது. பாத்திரத்தில் பாதியானது.

இடித்த நல்லமிளகு.
புளிமாங்காயில் மூன்று கீற்று.
வறுக்காத அண்டிப்பருப்பு நாலு.
தேங்காய்த் துருவல் பக்கம் கை போனது,
இழுத்துக்கொண்டேன்.
அதைப் போட்டால் இது தோரன் ஆகிவிடும்.
தோரன் கடுகு கேட்கும்.
கடுகு அடுப்பைக் கேட்கும்.

முதல் வாய்.
கறகறவென்ற சத்தம்
காதுக்கு உள்ளேயிருந்து வந்தது.
கசப்பு உடனே வரவில்லை,
விழுங்கியதும் திரும்பி வந்து எட்டிப்பார்த்தது.
வெந்த கீரை எதுவும்
என்னை இப்படி எதிர்த்துப் பேசியதில்லை.

மதிலுக்கு மேல் விஜிலாக்காவின் தலை.
"கறண்டு இல்லியா பிள்ள?
மிக்சி சத்தமே இல்ல. மேலுக்கு சுகமில்லியோ?"
"சுகந்தான் அக்கா. தின்னுட்டு இருக்கேன்."
"என்னது?"
"கேல்."
"கேட்டாச்சே, நீ சொல்லு."
"கேலுதான் அக்கா."
"அதத்தானட்டி நானும் கேக்கேன்!"

பாத்திரத்தையே மதிலில் தூக்கி வைத்தேன்.
ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
மோந்தாள்.
"பச்சையாட்டா?"
பச்சையாகத்தான்.
மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.
மதிலுக்கு இந்தப்பக்கம் ஒரு கறகற,
அந்தப்பக்கம் ஒரு கறகற.
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன்.
பொரித்த நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி
பேப்பரில் பொதிந்து கொண்டுவந்தாள்,
உள்ளங்கையில் நொறுக்கி என் இலைமேல் தூவினாள்.
"இப்ப தின்னு."
கொள்ளாம் என்று அவள் சொல்லவில்லை.
நான்தான் சொன்னேன்.
அடியில் தங்கிய உப்புப் புளிப்புத் தண்ணீரை
ஆளுக்கு ஒரு மடக்கு.

அடுத்த ஞாயிறு பதினொன்றரை.
விஜிலாக்கா வீட்டில் சத்தமில்லை.
எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.
மதிலில் எட்டிப்பார்த்து
"என்ன அக்கா, இன்னைக்கு அரைக்கல்லியா?" என்றேன்,
பதில் தெரிந்தவள்போலச் சிரித்துக்கொண்டு.
"மிக்சி கேடாயிப் போச்சு பிள்ள" என்றாள்.
வத்தலும் தேங்காயும் தட்டில் எடுத்து
என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

அரைத்து முடித்து ஜாரைக் கழுவும்போது
சும்மா கேட்பதுபோல் கேட்டாள்:
"மேல அந்தப் பெட்டியில
இன்னும் எத்தன எல நிக்கி?"