நாலரைக் கட்டை

பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை.
ஜன்னலைத் திறந்தால் கலபாரின் மழை,
மூடினால் டர்பன்டைன் நெடி.
கீபோர்டு வாசித்த ஒக்கோன்
விசா கிடைத்து கனடா போய்விட்டான்.
ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு
"உனக்கு விரல் நீளம், உட்கார்" என்றார்கள்.
அவ்வளவுதான் தகுதி.

நோட்டு வாசிக்கத் தெரியாது எனக்கு.
எங்கள் தெருவுக்கு இரவு இரண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும்.
போனில் பாட்டு, காதில் ஹெட்போன்,
நாலு நொடி கேட்பேன், நிறுத்துவேன்,
மறுபடி அதே நாலு நொடி.
அடியில் பாஸ் எங்கே போய் உட்கார்கிறது என்று
அடுத்தவன் வீட்டுச் சுவரில் சுவிட்சைத் தேடுகிறவன் போல்
ஒற்றை விரலால் தடவுவேன்.
கேள்வி ஞானம் என்று பெயராம் இதற்கு.
ஞானத்தைக் காணோம்.
கேள்வி மட்டும் விடிய விடிய:
இதுவா?
இதுவா?
இதுவும் இல்லையா?

ஒருநாள் தூக்கத்திலேயே அரித் சொன்னாள்,
"அதுக்குப் பக்கத்துக் கட்டை."
சரியாக இருந்தது.
காலையில் கேட்டால் தான் எதுவும் சொல்லவில்லை என்கிறாள்.

பிறகுதான் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தேன்.
வெள்ளைக் கட்டைகளில் மட்டும் வாசித்தால் போதும்;
எந்தச் சுருதி வேண்டுமோ
அழுத்த அழுத்த மொத்தப் பாட்டும் மேலே ஏறிக்கொள்ளும்,
சரக்கு லிஃப்டில் மூட்டை ஏறுவதுபோல.
எங்கள் பாடகி எம்ஃபோனிசோ வங்கியில் பணம் எண்ணுகிறவள்.
சுருதியை எண்ணமாட்டாள்.
அன்றைக்குத் தொண்டை எங்கே விழித்ததோ
அங்கிருந்தே ஆராதனை தொடங்கும்.
நான் மேசைக்குக் கீழே குனிந்து
செருப்பைச் சரிசெய்வதுபோல்
பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்வேன்.
சபை என் பத்து விரல்களுக்காகக் கர்த்தரைத் துதித்தது.
பாஸ் கிட்டார் எஃபியோங் மட்டும்
என்னைப் பார்த்துச் சிரிப்பான்.
பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

மழை கொட்டிய அந்த ஞாயிறு
பாட்டின் நடுவில் எல்லாம் அணைந்தது.
விளக்கு, விசிறி, மைக், நான்.
ஜெனரேட்டரில் பெட்ரோல் இல்லை.
ஊற்ற வேண்டியவன்
கீபோர்டில் உட்கார்ந்திருந்தான்.

அவர்கள் நிறுத்தவில்லை.
கைதட்டல் தாளமாயிற்று,
தரைப்பலகை முரசாயிற்று.
எம்ஃபோனிசோ கண்ணை மூடியபடியே
எங்கே நின்றாளோ அங்கேயே நின்றாள்.
யாரோ கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.
கீழே உறுமல் கேட்டது. விளக்கு வந்தது.
பத்து விரலையும் வைத்து அழுத்தினேன்.

ஐயோ.

கரண்ட் போனதில் பொத்தான் எல்லாவற்றையும் மறந்திருந்தது.
சின்னத் திரையில் பூஜ்யம்.
நான் ஒன்றாம் கட்டையில், அவள் நாலரையில்.
கீபோர்டில் இதைவிடத் தூரம் கிடையாது.
முன்வரிசைக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

பொத்தானை ஆறு முறை அழுத்தவேண்டும்.
விரல் போனது உண்மை.
ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
இந்த நேரத்தில் எந்தச் செருப்பைச் சரிசெய்வது?

கையை எடுத்து மடியில் வைத்தேன்.
அவளைக் கேட்டேன்.
இத்தனை மாதமும் அவள் எங்கே தொடங்குகிறாள் என்றுதான் பார்த்திருந்தேன்,
எங்கே மூச்சு விடுகிறாள் என்று கேட்டதில்லை.
ஒவ்வொரு வரியையும் ஒரே இடத்தில்
கூடையை இறக்கிவைப்பதுபோல் இறக்கிவைக்கிறாள்.
அந்த இடம் எது?
இடது கையின் சுண்டுவிரல் ஒரு வெள்ளைக் கட்டையைத் தொட்டது.
இல்லை.
பக்கத்துக் கறுப்பு.

ம்.

அந்த ஒரே கட்டையில் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
இடையில் ஒருமுறை துணிந்து நாலாவதற்குப் போனேன்,
வழி தவறி
ஓடிவந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்தபின் எம்ஃபோனிசோ வந்தாள்.
"மீதி ஒன்பது விரலுக்கும் இன்றைக்கு லீவா?" என்றாள்.
எஃபியோங் வயரைச் சுற்றிக்கொண்டே
"பரவாயில்லை, இன்றைக்குத்தான் என் பாஸ் எனக்குக் கேட்டது" என்றான்.

பொத்தானை நான் விட்டுவிடவில்லை.
காணிக்கைப் பாட்டு வேகமானது,
அதற்கு இன்னும் குனியத்தான் வேண்டியிருக்கிறது.
ஆனால் இரவு இரண்டு மணிக்கு
ஐந்து கறுப்பு, இரண்டு வெள்ளை என்று
நாலரைக் கட்டைத் தெருவில் நடந்து பழகுகிறேன்.
வீட்டு எண்கள் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.
அரித் புரண்டு படுக்கிறாள்.
நான் விரலை நிறுத்திவைத்துக்கொண்டு
அவள் ஏதாவது சொல்வாளா என்று காத்திருக்கிறேன்.