சாவிக்கொத்து

மெயின் தெருவில் காலியாய்க் கிடக்கும் கடைகள் பதினேழு.
நகரமன்ற அறிக்கை பத்தொன்பது என்கிறது.
நான் சொல்வதுதான் சரி.
சாவிகள் என் இடுப்பில் தொங்குகின்றன.

ஹால்வர்டனில் கடையை மூடுகிறவன்
மனைவிக்கு அடுத்தபடி சொல்வது என்னிடம்.
சில பேர் மனைவிக்கு முன்னாலேயே.
வங்கிக்காரர் வாசலில் நிற்க
பழைய பூட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவேன்,
எண்பத்தைந்து டாலர், ரசீதோடு.
ஊர் தேய்ந்த வருடங்களில்தான்
என் வீட்டுக் கூரையை மாற்றினேன்.
தேவாலயத்தில் இதை நான் சொன்னதில்லை.

சிகாகோவிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார்.
நூற்று நாற்பது பக்கம்.
அட்டையில் நீர்வண்ணத்தில் எங்கள் தெரு,
குடை நிழலில் ஒல்லியானவர்கள் காபி குடிக்கிறார்கள்,
எல்லோருக்கும் அரைக்கைச் சட்டை.
மின்னசோட்டாவில் ஐந்து மாதம் பனி வாரிக்கொட்டுகிற எங்களுக்கு
அவர்களில் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.
விளக்குக் கம்பங்களில் பூக்கூடைகள் ஏறின.
லுண்ட்பெர்க் ஜவுளிக்கடையின் பக்கச்சுவரில்
மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கெளுத்தி மீன்.
மீனைப் பார்க்க வந்தார்கள்.
கார் கண்ணாடியை இறக்கி, படம் எடுத்து,
ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாரிட் குவாமிக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை,
நகரமன்ற நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்து மேஜை.
புறவழிச்சாலை சூப்பர்மார்க்கெட்டை ஒட்டியிருந்த
டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸைப்
பழைய செருப்புக்கடைக்குக் கொண்டுவரலாம் என்றாள்.
அவ்வளவுதான் அவள் திட்டம். ஒன்றரைப் பக்கம்.

கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கிங் பற்றியே பேசினோம்.
நானும் எழுந்தேன்:
"லைசென்ஸுக்கு வருகிறவன் எங்களிடம் என்னத்தை வாங்கப் போகிறான்?"
அதைக் குறித்துக்கொண்டாள், பதில் சொல்லவில்லை.
நான்குக்கு மூன்று என்று பிழைத்தது.

அரசாங்க வரிசை எங்கேயும் போல இங்கேயும் நகராது.
கையில் டோக்கன் அறுபத்து மூன்று, திரையில் நாற்பது.
அப்படி நிற்கிற மனிதனுக்குப் பசிக்கும்,
கால் கடுக்கும்,
பையில் இத்தனை நாள் கிடந்த
ஓடாத கைக்கடிகாரம் நினைவுக்கு வரும்.
என் கதவு திறக்கும்.
"வந்ததுதான் வந்தோம்,
இதற்கும் ஒரு நகல் போட்டுவிடலாமே."

வந்ததுதான் வந்தோம்.
நூற்று நாற்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன்,
இது இல்லை.

பிப்ரவரியில் மாரிட் வந்து
இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் சாவியைக் கேட்டாள்.
முடிதிருத்தும் கடை, இரண்டு நாற்காலி,
ஒஸ்வால்டோ பினேடா என்று ஒருவர்.
சாவி திரும்ப மாட்டேன் என்றது.
எண்ணெய் விட்டு, ஊதி,
தோளால் இடித்துத் திறந்தேன்.
உள்ளே நாட்காட்டியில் என்றைக்கோ ஒரு நவம்பர்.
ரசீதில் எண்பத்தைந்து என்று எழுதினேன்.
அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினேன்.
பதினாறு.

வெள்ளிக்கிழமை ஹார்ட்வேர் கடை வெர்லின் கூப்பிட்டான்.
குரலிலேயே தெரிந்துவிட்டது.
மறுபடி பதினேழு.

அவன் கடைப் பூட்டை நான் கழற்ற,
அவன் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.
அப்போது எதிர்ச்சாரியில் ஒருவர்
கழுத்தில் வெள்ளைத் துணியோடு,
ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு,
பனிச்சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினார்,
கையில் டோக்கன்.
அவர் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
போனதும் போட்டோ எடுப்பார்கள்.

டார்ச் வெளிச்சம் குலுங்கியது.
வெர்லின்தான் முதலில் சிரித்தான்.