மல்லாக்கக் கிடக்கும் பிரிட்ஜ்

வீடு பத்துக்குப் பன்னிரண்டு.
கட்டிலை விரித்தால் கதவு பாதிதான் திறக்கும்.
கதவு முழுக்கத் திறக்க
தையல் மெசின் நகரவேணும்.
மெசினை எங்கே நகர்த்துவது என்பது
நாலு வருசமாக முடிவாகவில்லை.

ஆக, வீட்டைவிட்டு வெளியே போகத் தொடங்கினோம்.
முதலில் செருப்புகள் போயின.
பிறகு வாளி, தும்புத்தடி, மண்ணெண்ணெய்க் கலன்.
பிறகு சமையல்.

கூளாவடியில் எங்கள் சுவருக்கும் வேலிக்கும் நடுவே
ஆறடி நிலம் உண்டு.
பேரின்பராசா அதில் ஓர் ஊரையே அமைக்கப் பார்த்தார்.
லொறி ரயரைப் பிளந்து கீரைப் பாத்தி,
தூண்டில் கம்புக்கும் குடைக்கும்
மூடி போட்ட பி.வி.சி. குழாய்,
மீன்பெட்டிப் பலகையில் சட்டிபானைக்கு ஒரு தட்டு.
தட்டு மூன்றுதரம் சரிந்தது.
நாலாந்தரம் ஆணி அடித்தது நான்.
இதை அவர் யாருக்கும் சொல்வதில்லை.

மண்டூரிலிருந்து மச்சாள் அனுப்பும் அரிசிதான்
எங்கும் அடங்கவில்லை.
கட்டிலுக்குக் கீழே வைத்த வருசம்
எலி எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டது.

காத்தான்குடிப் பழைய இரும்புக் கடையில்
அன்வர்தீன் நானா தட்டிக் காட்டினாராம்:
"எஞ்சின்தான் மௌத்து.
உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, கொண்டு போ."

லாண்ட்மாஸ்டரில் பிரிட்ஜ் வந்து இறங்கியபோது
நிர்மலாதேவி வேலிக்கு மேலால் கேட்டாள்:
"கரண்ட் பில் கூடுமே கா?"
நான் சிரித்துவைத்தேன்.
பத்து நிமிசம் பணக்காரியாக இருந்தேன்.

மறுகா அதை மல்லாக்கப் படுக்கவைத்தோம்,
நாலு புளொக் கல்லின் மேல்,
கதவு வானத்தைப் பார்க்க.
அடியில் அரிசி.
மேலே கூறைச்சேலை, மகளின் பிறப்புச் சான்றிதழ்,
முட்டை வைக்கும் குழிகளில் நூல்கட்டைகள்,
மரக்கறித் தட்டில் குறடும் ஆணியும்.

அன்றிரவு நான் தூங்கவில்லை.
டிலக்சிகாவுக்கு ஆறு வயசு,
ஒளித்துப் பிடிக்கிற வயசு.
விடியுமுன் அவர் காந்த ரப்பரை உரித்தார்,
கொளுக்கியைக் கழற்றினார்,
தலைப்பக்கம் மூன்று ஓட்டை போட்டார்.
மழைக்கு மேலே ஒரு தகரம்.

மார்கழியில் மழை மூன்று நாள் விடவில்லை.
முகத்துவாரம் வெட்டப் போகிறார்களாம் என்றார்கள்.
வெட்டியாச்சாம் என்றார்கள்.
தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லைப் போல.

நடுச்சாமம் வேலியில் 'டொம்' என்று ஒரு சத்தம்.
டோர்ச் அடித்தோம்.
பிரிட்ஜ் கல்லைவிட்டு எழும்பி
ஆறடிக்குள் மெதுவாகச் சுற்றியது.
வேலியை முட்டியது,
கீரைப் பாத்தியைத் தடவியது,
பிறகு எங்கள் கதவுக்கு வந்து முட்டியது,
உள்ளே இடமிருக்கா என்று கேட்பதுபோல.

அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
கொடிக்கயிற்றை அறுத்து அதைச் சுற்றிக் கட்டினார்.
மறுமுனை யன்னல் வழியே என் கைக்கு வந்தது.
மெசின் மேல் மகள் தூங்கினாள்.
விடியும்வரை அந்த இரும்பு
புல்லைக் கண்ட மாடுபோல
இழுத்துக்கொண்டே நின்றது.

வெளிச்சத்தில் திறந்தோம்.
கூறைச்சேலை காய்ந்தபடி.
சான்றிதழின் ஒரு மூலை மட்டும் ஈரம்.
ஓட்டையால் புகுந்த தண்ணீரில்
அடி அரிசி நாலு கொத்து ஊறிப் பருத்திருந்தது.
ஓட்டையை நான் குறை சொல்லவில்லை.
கஞ்சி காய்ச்சினேன்,
வேலிக்கு மேலால் ஒரு சட்டி போனது.
என் தட்டு நின்றது, சட்டிகளோடு.

தண்ணீர் வடிந்தபின் கிராம சேவகர் படிவத்தோடு வந்தார்.
"வீட்டின் அளவு?"
"பத்துக்குப் பன்னிரண்டு" என்றேன்.
"வெளிய ஆறடியையும் சேருங்க ஐயா"
என்றார் பின்னாலிருந்து இவர்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது எட்டுப் புளொக் கல்,
இரண்டு பக்கமும் கம்பி வளையம்.
சுத்தியல் என்னிடம்.