மணல் பார்க்கிங்

ஜிம் அட்டை பர்ஸிலேயே இருக்கிறது.
ஜனவரியில் இரண்டு முறை வெளியே வந்ததோடு சரி.

ஷார்ஜா அல் நஹ்தாவில்
இரவு எட்டே முக்காலுக்கு
என் கட்டடத்தை நானே வலம் வருவேன்,
காரில்.
நாற்பது நிமிடம்.
பிள்ளையார்கூட இத்தனை சுற்று கேட்டதில்லை.

சர்க்கரை கூடியிருக்கிறது,
நடக்கிறீர்களா என்றார் டாக்டர் ஷஹீதா.
நேரமில்லை என்றேன்.
குறித்துக்கொண்டார்,
அதுவும் ஒரு நோயைப் போல.

ஆகஸ்டில் ஒரு நாள் பொறுமை தீர்ந்து
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மணல்வெளியில்
வண்டியைப் போட்டுவிட்டு நடந்தேன்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி.
முதுகோடு ஒட்டிய சட்டை.
ஆறு வருடமாய் ஹெட்லைட்டில் மட்டும் பார்த்த லாண்டரிக்காரருக்கு
மீசை இருப்பது அன்றுதான் தெரிந்தது.
வீடு சேரும்போது
ஒன்பதுகூட ஆகவில்லை.

இப்போதெல்லாம்
வாசலிலேயே இடம் காலியாக இருந்தாலும்
பார்க்காததுபோல் கடந்துவிடுகிறேன்.
பின்னால் வருபவர்
நம்ப முடியாமல் ஹாரன் அடிக்கிறார்.

ஏன் இவ்வளவு வேர்வை,
ஏன் இவ்வளவு சீக்கிரம் என்கிறாள் கோமளா.
இரண்டுக்கும் பதிலாக
ஷூவைக் கவிழ்க்கிறேன்.
கொஞ்சம் மணல்.

அதைப் பெருக்குவதும்
உடற்பயிற்சிதான் என்று
துடைப்பத்தை நீட்டுகிறாள்.