நீல ஸ்டூல்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
வேலையில்லாதிருந்த காலம், காரணம்.
இரண்டாயிரத்து எட்டிலிருந்து பன்னிரண்டு வரை.
தவரூபி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.
விசுவமடு, பிறகு கிழமைக்கொன்றாய் மாறிய இடங்கள்,
பிறகு முகாம், பிறகு கால் பொருத்துகிற ஆஸ்பத்திரி.
கட்டமோ தீப்பெட்டி அளவு.
"குடும்பக் காரணம் எண்டு போடும்" என்றேன்.
போட்டாள்.
பொய்யில்லைத்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியில்
குளிரூட்டிய கடை, மூன்றாம் கல்லா.
கடிதம் வந்த அன்று பட்டிஸ் வாங்கி வந்தாள்.
எண்ணெய் விரலோடு பதிவேட்டில் ஒரு சரி போட்டேன்.
மூன்று மாதம் தாண்டினால் இரண்டாவது சரி.
எங்களுக்குக் காசு தருகிறவர்கள்
சரிகளைத்தான் எண்ணுவார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ்.
"நகின்ட, நகின்ட" என்று தட்டுவான் கொண்டக்டர்.
எந்தக் காலை முதலில் வைப்பதென்று
அவள் முடிவெடுக்குமுன் சில்லு உருளும்.
அதையெல்லாம் அவள் பழகிவிட்டாள்.
பழக முடியாதது நிற்பது.

கல்லாவில் இருப்பவர்கள் நிற்கவேண்டும்.
வாடிக்கையாளருக்கு அது மரியாதையாம்.
காலை எட்டரைக்கு ஏறிய மரியாதை
பின்னேரம் நாலுக்கு
முழங்காலுக்குக் கீழே வியர்த்து, உரசி,
காலுறைக்குள் கொப்பளமாய் உடையும்.

எழுபத்தொன்பதாம் நாள்
ஒரு கடிதத்தோடு படியேறி வந்தாள்.
"இதில என்ன எழுதிக் கிடக்கு, அக்கா?"
சிங்களம். வாசித்தேன்.
கழிப்பறையில் பதினொரு நிமிடம்.
மறுபடி ஒன்பது. மறுபடி பன்னிரண்டு.
முதலாவது எச்சரிக்கை.
"கழட்டித் துடைச்சிட்டுப் போட
அவ்வளவு நேரம் வேணும்" என்றாள்
கடிதத்தைப் பார்த்து, என்னைப் பார்க்காமல்.

கால் பற்றிக் கடையில் யாருக்கும் தெரியாது.
சொல்லவேண்டாம் என்றவள் நான்.
சொன்னால் எடுக்கமாட்டார்கள் என்று
மூன்று கடைகளில் கற்றிருந்தேன்.
இப்போது அதையே சொல்லத்தான்
மல்லவாரச்சியின் கண்ணாடி அறைக்குள் போனேன்.

கெட்ட மனிதன் இல்லை.
தேத்தண்ணி எடுப்பித்தார்.
முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு,
"ஒருத்திக்குக் கதிரை கொடுத்தால்
எல்லாரும் கேட்பார்களே, மிஸ்" என்றார்.
அதற்கு ஒரு பதில்
பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.
வாயில் வரவில்லை.
தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.
மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார்.

மேலிடம் எழுதுமுன்
மீன் வெட்டுகிற நிஷாம்
தன்னுடைய நீல ஸ்டூலைத் தூக்கிவந்து
மூன்றாம் கல்லாவுக்குப் பின்னால் வைத்தானாம்.
யாரும் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.
அதிலும் ஒரு கால் உடைந்து
மட்டை மடித்து முண்டு கொடுத்திருந்தது.
"எனக்கெண்டே செய்வித்த மாதிரி" என்று
தொலைபேசியில் அப்படிச் சிரித்தாள்.
மூன்று நாள் குளோரினில் கழுவியும்
பாரை மணம் போகவில்லையாம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
பருப்பு வாங்கப் போனேன், பார்க்கவும்தான்.
ஸ்டூலில் இருந்தவள் தவரூபி இல்லை.
இமாஷா, ஏழு மாத வயிறு,
செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீட்டியிருந்தாள்.
நாலாம் கல்லாப் பெண்
அடுத்தது தன் முறையென்று விரல் காட்டினாள்.
தவரூபி நின்றபடி என் பருப்பைப் பையில் போட்டாள்.
கண்ணாடி அறைக்குள்ளிருந்து மல்லவாரச்சி
எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் ஏன் நிக்கிறீர்?"
"இது என்ர நேரமில்லை, அக்கா.
மூண்டிலிருந்து அஞ்சு வரைக்கும்தான் எனக்கு.
அந்த நேரம் போதும்."

போதுமா என்று எனக்குத் தெரியாது.
அடுத்த நாள் தொண்ணூற்றொன்று.
இரண்டாவது சரியை எங்கே போடுவதென்று
நிறைய நேரம் பதிவேட்டைப் பார்த்திருந்தேன்.
மிச்சக் காசு ஐம்பது ரூபாய்
இன்னும் பணப்பையில் கிடக்கிறது.
மீன் மணக்கிறது.